மலையிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு...

உயர்கல்விச் சேர்க்கை நடைபெறும் மாதங்களில் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறுகிறது. 'இந்தப் பழங்குடி இனத்திலிருந்து மருத்துவம் படிக்கச் செல்லும் முதல் மாணவி', 'இந்த மலைக்கிராமத்தின் முதல் பொறியாளர்' என்று புகைப்படத்துடன் வரும் அச்செய்தி படிப்போரை நெகிழச் செய்கிறது. 2021-ஆம் ஆண்டில் கோவை மாவட்டத்தின் மலசர் இனத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர் நீட் தேர்வில் தேர்ச்சி பெற்றபோதும், 2024-ஆம் ஆண்டில் பச்சைமலையைச் சேர்ந்த பழங்குடி மாணவி ஒருவர் திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தபோதும் தமிழகமே மகிழ்ந்தது.

அந்த மகிழ்ச்சி அடங்கிய பிறகு ஒரு கேள்வி எஞ்சுகிறது. நாடு விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும் 'முதல்' என்ற சொல் ஏன் செய்தியாகிறது? இட ஒதுக்கீடு இருக்கிறது; உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன; கல்வி உதவித்தொகையும் இருக்கிறது. இருந்தும் பழங்குடியினரிடையே அறிவியலாளர்களும் மருத்துவர்களும் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருப்பது ஏன்?

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. முதலாவது வறுமை. இரண்டாவது விடை அலுவலக அறைகளில் தணிந்த குரலில் சொல்லப்படுவது: 'அவர்களுக்குக் காட்டை விட்டு வர மனமில்லை, படிப்பில் நாட்டமில்லை, அவர்கள் பண்பாடு அப்படி.' வறுமை உண்மை. ஆனால், பண்பாட்டின் மீது சுமத்தப்படும் பழி ஏற்கத்தக்கதன்று. அறிவியல், மருத்துவக் கல்விக்கான பாதையைச் சமூகத்தை விட்டு வெளியேறும் பாதையாக மட்டுமே நாம் அமைத்து வைத்திருக்கிறோம். ஊரோடு சேர்ந்து வாழ்வதையே மேன்மையாகக் கருதும் ஒரு பிள்ளை அந்தப் பாதையில் தயங்கி நிற்பதில் வியப்பேதும் இல்லை.

ஒரே மாவட்டத்தில் இரு உலகங்கள்

திருப்பூர் என்றதும் நினைவுக்கு வருவது பின்னலாடை. ஆண்டுக்கு ரூ.40,000 கோடியை நெருங்கும் ஏற்றுமதியும், அதற்கு அடுத்த நிலையில் உள்நாட்டு வணிகமும் கொண்ட நகரம் அது. 2009-ஆம் ஆண்டில் உருவான திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில் வேறோர் உலகம் இருக்கிறது. உடுமலை, மடத்துக்குளம் வட்டங்களில், ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, தளிஞ்சி, கோடந்தூர் முதலிய மலைக்குடியிருப்புகள் உள்ளன. முதுவர், மலைப்புலையர் முதலானோர் அங்கு வாழ்கின்றனர். நோயுற்றவர்களையும் கர்ப்பிணிகளையும் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து அடிவாரம் கொண்டுவரும் செய்திகள் அங்கிருந்து இன்றும் வருகின்றன.

மருத்துவர் மலையேறாத இடங்களுக்கும் பஞ்சாலைகளுக்கும் பின்னலாடை நிறுவனங்களுக்கும் ஆள் சேர்க்கும் முகவர்கள் போய்ச் சேர்ந்துவிடுகின்றனர். தமிழக மலைகளுக்கு மட்டுமல்ல. ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களுக்கும் அவர்களின் கை நீண்டிருக்கிறது. அரசின் திறன் பயிற்சித் திட்டங்கள் வழியாகவே அங்குள்ள இளம்பெண்கள் பலர் கொங்கு மண்டலத்தின் விடுதிகளுக்கு வந்து சேர்கின்றனர்.

இதைப் பொருளியல் நோக்கில் பார்க்கலாம். பவர் டேபிளில் தையல் பழகச் சில வாரங்கள் போதும். தங்க இடமும் உணவும் உண்டு. முதல் மாதத்திலேயே வீட்டுக்குப் பணம் அனுப்பலாம். கடும் கண்டனத்துக்குள்ளான சுமங்கலித் திட்டம்கூட, மூன்றாண்டு முடிவில் ஒரு தொகை என்ற தெளிவான கணக்கைக் காட்டித்தான் ஏழைப் பெற்றோரை ஈர்த்தது. மாறாக, மருத்துவராக விரும்பும் பிள்ளை மேல்நிலைக் கல்வி முடித்து, நுழைவுத் தேர்வுக்கு ஓராண்டோ இரண்டாண்டோ தயாராகி, அதன்பின் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் படிக்க வேண்டும். அத்தனை ஆண்டுகளும் வீட்டுக்கு வருமானம் இல்லை. இடையில் நின்றால் கையில் எதுவும் மிஞ்சாது. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காகக் கைவிடும் மற்றொன்றின் மதிப்பைப் பொருளியலில் வாய்ப்புச் செலவு என்கிறோம். பழங்குடிக் குடும்பத்துக்கு மருத்துவப் படிப்பின் வாய்ப்புச் செலவு மற்றெவரையும்விட அதிகம். தையல் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் பெண்ணின் முடிவு, அவள் முன் வைக்கப்பட்ட கணக்கின்படி முற்றிலும் அறிவார்ந்த முடிவே.

சான்றிதழும் ஒரு விழுக்காடும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் 7.95 லட்சம் பேர். மொத்த மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. மாநிலத்தின் எழுத்தறிவு 80.1 விழுக்காடாக இருந்தபோது பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3 விழுக்காடு மட்டுமே. மாநிலத்தின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் அவர்களுக்குரிய பங்கு ஒரு விழுக்காடு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ஆம் ஆண்டில் மருத்துவப் படிப்பில் வழங்கப்பட்ட 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு போற்றத்தக்க நடவடிக்கை. அதற்குள்ளும் பழங்குடியினருக்குரியது அதே ஒரு விழுக்காடுதான். கணக்கிட்டுப் பார்த்தால், ஆயிரம் மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளியில் பயின்ற பழங்குடிப் பிள்ளைக்கென்று இவ்வழியில் கிடைப்பது ஓர் இடம்கூட அன்று, முக்கால் இடம்.

அந்த முக்கால் இடத்துக்குப் போட்டியிடவும் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினர் பட்டியலில் நெடுங்காலம் 36 இனங்கள் இருந்தன. 2023-ஆம் ஆண்டில் நரிக்குறவர், குருவிக்காரர் சேர்க்கப்பட்டனர். ஆனால், சேலத்திலும் தருமபுரியிலும் பழங்குடியினராக ஏற்கப்படும் மலையாளி இனத்தவர், நூற்பாலைகளும் கைத்தறியும் நிறைந்த ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழ்ந்தால் பழங்குடியினர் ஆவதில்லை. பட்டியல் மாவட்டப் பெயர்களுடன் எழுதப்பட்டதன் விளைவு இது. உடுமலை மலைகளின் புலையர் பட்டியல் சாதியினராகவே கொள்ளப்படுகின்றனர்; தங்களைப் பழங்குடியினராக ஏற்க வேண்டும் என்பது அவர்களது நெடுங்காலக் கோரிக்கை. பட்டியலில் ஐயத்துக்கு இடமின்றி இடம்பெற்றோரும் கோட்டாட்சியரின் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் அலைய நேர்கிறது. மேலே குறிப்பிட்ட மலசர் மாணவியும் சான்றிதழுக்காகப் போராடியவரே.

இவையெல்லாம் நிர்வாகத் தடைகள். இவற்றைப் பண்பாட்டின் கணக்கில் எழுதுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். எனினும், நிர்வாகத் தடைகளைக் கடந்து கல்லூரி வாசலை அடைந்தவர்களும் இடையில் திரும்பிவிடுகிறார்களே, அது ஏன்? இந்த இடத்தில்தான் விழுமியங்களைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

'இறந்தவர் உன் தந்தையா?'

நான் பணியாற்றிய கல்லூரிகளுள் ஒன்றில் மலைக்கிராமத்திலிருந்து இயற்பியல் படிக்க வந்த மாணவர் ஒருவர் இருந்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் மறைந்ததும் ஊருக்குச் சென்றவர், சடங்குகள் அனைத்தும் முடியும் வரை அங்கேயே தங்கிவிட்டார். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. பருவத்தேர்வு எழுத அனுமதி கிடைக்கவில்லை. விசாரித்தவர்கள், 'இறந்தவர் உன் தந்தையா?' என்று கேட்டனர். 'இல்லை' என்றார். 'பிறகு எதற்காக இத்தனை நாள்?' என்றனர். அந்தக் கேள்வியின் பொருளே அவருக்கு விளங்கவில்லை. தன் ஊரில் ஒருவர் இறந்தால் ஊரே இருக்க வேண்டும் என்பதற்கு விளக்கம் தேவைப்படும் என்று அவர் நினைத்ததே இல்லை. அடுத்த பருவத்துக்கு அவர் வரவில்லை.

பழங்குடிச் சமூகங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பவை அல்ல. எருமை வளர்ப்பைச் சுற்றி வாழ்வை அமைத்துக்கொண்ட தோடர்களும், தேன் எடுக்கும் காட்டுநாயக்கர்களும், சாமையும் ராகியும் விளைவிக்கும் மலையாளிகளும் வெவ்வேறு மரபினர். ஆயினும், தனிமனிதனின் உயர்வைவிட உறவின் தொடர்ச்சிக்கு முதலிடம் தருதல், அறிவைப் பொதுவுடைமையாகக் கருதுதல், பெரியோரைக் கலந்து முடிவெடுத்தல் ஆகிய பண்புகளை இவர்களிடையே பரவலாகக் காணலாம். நமது உயர்கல்வியோ தரவரிசை, தனித்த வெற்றி, நகரத்தில் வேலை என்ற மூன்றையே பரிசாகக் காட்டுகிறது. 'நன்றாகப் படி, இந்த ஊரை விட்டுப் போய்விடலாம்' என்று ஆசிரியர் நல்லெண்ணத்துடன் கூறும் அறிவுரை, அந்தப் பிள்ளையின் காதில் ஓர் எச்சரிக்கையாக விழுகிறது.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. ஜெஸ்ஸி ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்களைப் பற்றி 2014-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பெற்ற கல்வியைத் தன் மக்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற நோக்கம் அறிவியல், பொறியியல் பயிலும் அம்மாணவர்களிடம் வலுவாக இருப்பதையும், தனிமனித வெற்றியையே முன்னிறுத்தும் வகுப்பறையில் 'இது நமக்கான இடமா?' என்ற ஐயம் அவர்களுக்கு எழுவதையும் அது எடுத்துக்காட்டியது.

நவாஹோ இனத்தின் முதல் பெண் அறுவை மருத்துவரான லோரி ஆர்விசோ ஆல்வோர்ட் இதைவிடக் கூர்மையான ஒரு முரணை எதிர்கொண்டார். இறந்தவரின் உடலைத் தொடலாகாது என்பது நவாஹோ மரபு. மருத்துவக் கல்வியோ உடற்கூறியல் கூடத்தில்தான் தொடங்குகிறது. அந்த மனப்போராட்டத்தை 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அவர் பதிவுசெய்திருக்கிறார். மரபைத் துறந்துவிடவுமில்லை, மருத்துவத்தைக் கைவிடவுமில்லை. தம் மக்களிடையே மருத்துவம் பார்க்கத் திரும்பி, உடல், மனம், உறவு ஆகியவற்றின் இசைவே நலம் என்ற நவாஹோ கருத்தைத் தம் சிகிச்சை முறைக்குள் கொண்டுவந்தார்.

ஆய்வுப்பொருளாக மட்டும்...

அறிவியலுக்கும் தமிழகப் பழங்குடியினருக்கும் தொடர்பே இல்லை என்று எவரேனும் கூறினால் அது வரலாற்றுப் பிழை. மருத்துவரும் மானிடவியலாளருமான டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்து எழுதிய நூல் 1906-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1952-ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்த மாதிரிகளில் அரிவாள் செல் பண்பைக் கண்டறிந்தனர். இந்தியாவில் அந்நோய் பற்றிய அறிவியலின் தொடக்கப்புள்ளிகளுள் அது ஒன்று. அரிவாள் செல் ரத்தசோகையை 2047-ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கப்பட்டது. இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் ரத்த மாதிரிகள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தன. அந்த ரத்தத்தை ஆராயும் வல்லுநராக மலையின் பிள்ளை உருவாவதற்கான திட்டம் எதுவும் வகுக்கப்படவில்லை.

இருளர்களின் கதையும் இதுவே. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டதால் வாழ்விழந்த அவர்களுக்காக, ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-ஆம் ஆண்டில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இந்தியாவில் பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கப் பயன்படும் நஞ்சின் பெரும்பகுதியைத் தந்தது மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கமே. உறுப்பினர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்துப் பாம்பின் வகையைச் சொல்லும் அந்த நுண்ணறிவு, முறைப்படி கற்பிக்கப்படும் விலங்கியலுக்குள் எந்தப் பட்டமுமின்றி வாசலிலேயே நிற்கிறது.

மூன்றாவது சான்று கொங்கு மண்டலத்துக்கு நெருக்கமானது. அகத்தியமலைக் காணி மக்கள் 1987-ஆம் ஆண்டில் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைக் கொண்டு, திருவனந்தபுரத்தின் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவன அறிவியலாளர்கள் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கினர். அதைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்றது கோவையின் ஆர்ய வைத்திய பார்மசி. உரிமத் தொகையிலும் ஆதாயப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-ஆம் ஆண்டில் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. பயன்பகிர்வுக்கு உலகம் முன்மாதிரியாகக் காட்டும் ஏற்பாடு இது. ஆயினும், அதிலும் காணி மக்கள் தகவல் தருவோராகவே இருந்தனர். ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தவர்கள் வேறு மக்கள்.

விழுமியமே மூலதனம்

ஊர்ப்பற்றைக் குறையாகக் காணாமல் மூலதனமாகக் கொண்ட முயற்சிகளும் நம்மிடையே உண்டு. நீலகிரி மாவட்டம் கூடலூரில் அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை, பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் முதலிய இனங்களின் இளம்பெண்களையே செவிலியராகவும் நலப்பணியாளராகவும் பயிற்றுவித்தது. தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இணையர் 1993-ஆம் ஆண்டில் தொடங்கிய பழங்குடியினர் நலவாழ்வு முயற்சியும் உள்ளூர் மலையாளிப் பெண்களைக் கொண்டே வளர்ந்தது. வெளியூரிலிருந்து வந்த மருத்துவரை நம்பத் தயங்கிய மக்கள், தம் மொழியில் பேசும் செவிலியரை நம்பினர். அந்தப் பெண்கள் நகரத்துக்கு ஓடிவிடவில்லை, ஊரிலேயே இருந்தனர். மலைப்பகுதி மருத்துவப் பணியிடங்கள் ஏன் காலியாகவே கிடக்கின்றன என்று கவலைப்படும் அரசு, ஊரை விட்டுப் போக மனமில்லாத இந்த இயல்பை அரிய வளமாகக் கருத வேண்டும்.

இம்முயற்சிகள் ஒரு வரம்பையும் காட்டுகின்றன. செவிலியர், நலப்பணியாளர் என்ற படிகள் வரை ஏணி இருக்கிறது. அதற்கு மேல் மருத்துவர், மருந்தியலாளர், ஆய்வாளர் என்ற படிகளுக்கு ஏற வழியில்லை. அந்த மேற்படிகளை அமைக்கும் ஆற்றல் தன்னார்வ அமைப்புகளுக்குக் கிடையாது. அது அரசின் கடமை.

கனடாவில் 2005-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வடக்கு ஒன்டாரியோ மருத்துவக் கல்லூரி, முதலாண்டு மாணவர்கள் அனைவரையும் பூர்வகுடிக் குடியிருப்பு ஒன்றில் சில வாரங்கள் தங்கிப் பயிலச் செய்கிறது. அமெரிக்காவின் செரோக்கி மக்கள் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து 2020-ஆம் ஆண்டில் தம் தலைநகரிலேயே மருத்துவக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினர். அதன் முதல் அணியினர் 2024-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றனர். கல்லூரியை ஊருக்கு அருகில் கொண்டுவந்தால், படித்தவர் ஊரிலேயே தங்கும் வாய்ப்பு கூடும் என்பதே இவற்றின் அடிப்படை.

செய்யக்கூடியவை

2022-ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழகத்தில் பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றுள் திருப்பூரும் நீலகிரியும் அடங்கும். மருத்துவ மாணவர்கள் ஒவ்வொருவரும் சில கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்களது உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே உள்ளது. திருப்பூர் கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு உடுமலை மலைக்குடியிருப்புகளை ஒதுக்கலாம். இதற்குப் புதிய சட்டமோ பெரும் செலவோ தேவையில்லை. வெள்ளைக் கோட்டு அணிந்த இளைஞர் ஒருவர் மாதந்தோறும் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுவதைப் பார்த்து வளரும் சிறுமிக்கு மருத்துவம் எட்டாத தொழிலாகத் தோன்றாது.

சான்றிதழைத் தேடிப் பெற்றோர் அலையும் நிலை மாறி, ஆறாம் வகுப்பில் சேரும்போதே வருவாய்த்துறை பள்ளிக்கு வந்து வழங்கும் நடைமுறை வேண்டும். பர்கூர் மலையாளிகள், உடுமலைப் புலையர் ஆகியோரின் கோரிக்கைகள் மீது மாநில அரசும் மத்திய அரசும் காலவரையறைக்குள் முடிவெடுக்க வேண்டும். மலைப்பகுதி உண்டு உறைவிடப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவும், ஆய்வகமும், நிரந்தர ஆசிரியரும் இருப்பதை உறுதிசெய்யாமல் நீட் பயிற்சி வகுப்புகளைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. பள்ளி, மருந்தகம், சாலை போன்றவற்றுக்குக் கிராம சபையின் பரிந்துரையோடு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை வழங்க 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழிசெய்கிறது. அந்த விதியை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும்.

வாய்ப்புச் செலவைக் குறைப்பதில் தொழில்துறைக்கும் பங்கு உண்டு. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, ஆண்டு நிகர லாபம் ரூ.5 கோடியைத் தாண்டும் நிறுவனம் தன் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கொங்கு மண்டலத்தின் பெரிய பின்னலாடை, நூற்பாலை நிறுவனங்கள் இத்தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, அறிவியல் பயிலும் பழங்குடி மாணவிக்கு, ஆலையில் சேர்ந்திருந்தால் அவள் ஈட்டியிருக்கக்கூடிய ஊதியத்துக்கு இணையான தொகையை மாதந்தோறும் அவள் குடும்பத்துக்கு வழங்கலாம். மலைகளின் இளம் உழைப்பைப் பெற்று வளர்ந்த தொழில் செய்யவேண்டிய நேர்மையான கைம்மாறு அது.

படித்து முடித்தவர் திரும்பிவரவும் இடம் வேண்டும். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவ்வட்டாரப் பழங்குடி மருத்துவருக்கும் செவிலியருக்கும் பணி நியமனத்தில் முன்னுரிமை தரலாம். ஊர்ச் சடங்குகளுக்கு விடுப்பு கோரும் மாணவரின் வருகைப்பதிவில் விதிவிலக்கு அளிப்பது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கடினமான செயலன்று. பணியிலிருக்கும் செவிலியர் உயர்படிப்புக்குச் செல்ல ஊதியத்துடன் விடுப்பு அளித்தால் ஏணியின் விடுபட்ட படிகளும் நிறைவுறும்.

இவற்றுள் எதுவும் பழங்குடியினரைத் தம் பண்பாட்டிலிருந்து மாறச் சொல்வதில்லை. நம் நிறுவனங்களையே சற்று மாறச் சொல்கிறது. குருமலையிலிருந்து இறங்கும் ஒரு பெண் திருப்பூருக்கு வந்தால், இன்று அவளுக்காக ஒரு தையல் இயந்திரம் காத்திருக்கிறது. அதே நகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அதில் படித்து முடித்து, தன் மலையில் பணியேற்கும் முதல் மருத்துவரைப் பற்றிய செய்தி வரும் நாளில், இரண்டாமவரும் மூன்றாமவரும் எந்த வகுப்பில் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்லும் நிலையில் மாவட்ட நிர்வாகம் இருக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).